கோப்பு 212: சிலை, கொடி

பதினேழு நாள் இருந்தது அந்தச் சர்க்கார்.
அதன் கோப்பு என் மேஜைக்கு வந்து
இன்றோடு பதினெட்டு நாள்.

முள்ளோடை எல்லையில்,
கடலூர்க்காரர்கள் பஸ் இறங்கியதும் தேடும்
பிராந்திக் கடைகளுக்கு எதிரே,
திருவேங்கட நயினாருக்கு வெண்கலச் சிலை வேண்டுமாம்.
கொடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து
ஆண்டுக்கொருமுறை ஏற்றவும் வேண்டுமாம்.
இணைப்பில் கொடியே வந்திருக்கிறது,
ஜவுளிக்கடைப் பையில், நாலாய் மடித்து.

மனு கொடுத்தவர் நயினாரின் தங்கை மகன்.
நாற்காலியில் உட்காரவில்லை.
"துவான் கம்பத்தைப் பிடுங்கிப்
பெண்ணையாத்துல விட்டாரு மேடம்.
பதினேழு நாளு
உப்புக்கு வரியில்ல, மண்ணெண்ணெய்க்கு வரியில்ல.
ஏழு பேர் செத்தாங்க.
ஒருத்தனுக்குப் பதினஞ்சு வயசு, தனக்கோட்டி,
சைக்கிளோட விழுந்தான்,
பெல்லுல விரல் இருந்துச்சு."
அந்த இடத்தில் குரல் உடைந்தது.
நடிப்பில்லை. நடிப்பைத் தினமும் பார்க்கிறவள் நான்.

ஆட்சேபணை ஒன்றே ஒன்று.
மணற்பட்டு காலனி, பாவாடைராயன்,
கோடு போட்ட தாளில் நாலு வரி:
'கிடங்கைத் திறந்து அரிசி கொடுத்தது உண்மை.
பட்டியலில் எங்கள் நாற்பத்தொரு வீடு இல்லை.
அடுத்த வாரம் என்றது சர்க்கார்.
அடுத்த வாரம் சர்க்கார் இல்லை.'

கடற்கரைச் சாலையில்
வென்றவர்கள் உப்புக் காற்றில் நிற்கிறார்கள்.
அவர்களுக்காக யாரும்
மூன்று பிரதியில் விண்ணப்பம் தந்ததாக
ரெக்கார்டு அறையில் ஒரு தாளும் இல்லை.
தோற்றவனுக்குத்தான்
சாட்சி, இணைப்பு, நோட்டரி முத்திரை.

அதற்காகத் தோற்றதாலேயே ஒருவன்
நல்லவனாகிவிடுவானா?
இதைக் குறிப்பில் எழுத முடியாது.
எழுதி அடித்தேன்.
அடித்தது தெரியாமலிருக்கத் தாளை மாற்றினேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடியைப் பிரித்தேன்.
பச்சைச் சாயம், அங்கங்கே வெள்ளை எட்டிப் பார்க்கிறது.
நடுவில் பனைமரம்,
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.
தைத்தவருக்கு என்ன அவசரமோ.
ஓரத் தையலுக்குள் பாதி ஒளிந்து
சேங்கொட்டை மையில்
மூன்று புள்ளி, ஒரு கோடு.

அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமரத்தடியில்
கோதண்டத்தின் இஸ்திரி வண்டி.
குறியைக் காட்டினேன்.
பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டுக்
கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தார்.

"மூணு புள்ளி, ஒரு கோடு.
கணக்கப்பிள்ள வீட்டுப் போர்வைம்மா இது.
ராத்திரி மூட்டையப் பிரிச்சு எடுத்தாங்களாம்,
கொடிக்கு வேணும், கணக்குல எழுதிக்கறோம்னு.
போர்வையத் தொலைச்சதுக்கு
எங்கப்பா அந்த வீட்டுக்கு
ரெண்டு வருசம் கூலியில்லாம வெளுத்தாரு."

கோபப்படுவார் என்று நின்றேன்.
சிரித்தார்.
"இதுவா அது" என்று
உள்ளங்கையால் ஒருமுறை நீவினார்.
பிறகு, தொழில் குரலில்,
"போட்டுத் தரவா?"

தண்ணீர் தெளித்தார்.
கரியைத் தட்டிச் சூட்டைக் குறைத்தார்.
பனைமரத்தின் மேல் மட்டும்
ஒரு துணியை விரித்து அதன்மேல் தேய்த்தார்.
யாருக்காக அந்தப் பதமோ,
நான் கேட்கவில்லை.
பத்து ரூபாய் என்றார்.
இருபது கொடுத்தேன்.
பத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் குறிப்பு எழுதினேன்:
கொடியின் துணி பிறருடையது.
ஈடு தரப்படவில்லை.
அரிசிப் பட்டியல் கிடைத்தால் கோப்பில் சேர்க்கவும்.
தனக்கோட்டியின் பெயர்
சிலை மனுவில் விடுபட்டுள்ளது.
சிலை குறித்து என்று எழுதி
அரைப் பக்கம் விட்டிருக்கிறேன்.

துணி இன்னும் சூடாக இருந்தது,
பையில் வைக்கும்போது.

அப்புறம் செலவுச் சீட்டு.
இஸ்திரிக் கூலி, ரூபாய் பத்து.
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
அக்கவுண்ட்ஸ் தம்பி கேட்கிறான்.
நானும் அதைத்தான்
பதினெட்டு நாளாய்.